தொடக்கப் பள்ளியில் தாளமும் கலையும்

தொடக்கப் பள்ளி ஒன்றின் வாயிலிலே சிறிது நேரம் நின்று உள்ளிருந்து வரும் ஒலியைக் கேட்போமானால், நம் காதில் முதலில் விழுவது தாளமே. வாய்ப்பாடு ஒப்பிக்கும் வகுப்பு ஒரு நடையில் ஒப்பிக்கின்றது. பாட்டுச் சொல்லும் வகுப்பு மற்றொரு நடையில் சொல்லுகின்றது. இவ்விரண்டிலும் சேராமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவன் பலகையின்மீது விரலால் தட்டிக்கொண்டிருக்கின்றான். முதல் இரண்டையும் கல்வி என்று போற்றுகின்றோம்; மூன்றாவதைக் குறும்பு என்று கடிகின்றோம். அவ்வாறு கடிவது முறைதானா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பல ஆண்டுகளுக்கு முன் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பிற்குப் பாடம் சொல்லிவந்தோம். அவ்வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு வராத சிறுவன் ஒருவன் இருந்தான். ‘ஏழு மூன்று?’ என்றால் விழிப்பான். ஆனால் அவன் விரல்கள் மட்டும் ஓயாமல் பலகையைத் தட்டிக்கொண்டிருக்கும். ‘அந்தக் கையை அடக்கு’ என்று அவனை நாம் அதட்டாத நாளில்லை. அவ்வாண்டு அவ்வூர் அம்மன் கோயில் திருவிழாவிற்குச் சென்றபோது, பறை அடித்துக்கொண்டிருந்த தன் தந்தையின் பக்கத்தில் அவனும் நின்று அடிப்பதைக் கண்டோம். மூன்றும் நான்குமாகப் பிரிந்து ஏழாகக் கூடும் அடி அது. வெகு நேரம் அடித்தும் ஓரிடத்திலேனும் அவன் எண்ணிக்கை தவறவில்லை. ஏழு அவன் கையில் இருந்தது. நாமோ அதனை வாயில் மட்டுமே தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. வறுமை, வேலை, வீட்டு நிலை என்று அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் நம் அதட்டலும் ஒன்றோ என்ற ஐயம் மட்டும் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை. ஆகவே இப்பொருளைப் பற்றி நாம் பேசுவது பிறருக்கு அறிவுரை கூறும் நோக்கத்தால் அன்று. நாம் செய்த பிழையைப் பிறர் செய்யாதிருத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே.

கலையைக் கல்வியோடு இணைத்தல் வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. 1901-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கிய இரவீந்திரநாத் தாகூர், பாட்டையும் நாடகத்தையும் ஓவியத்தையும் ஓய்வு நேரப் பொழுதுபோக்காக வைக்கவில்லை. அன்றாடப் பள்ளி வாழ்க்கையாகவே வைத்தார். 1919-இல் அங்கே தோன்றிய கலாபவனத்தை நந்தலால் போஸ் பல்லாண்டுகள் வழிநடத்தினார். குஜராத்தில் பாவ்நகரத்தில் கிஜுபாய் பதேகா 1920-இல் தொடங்கிய பாலமந்திரத்தில் கதையும் ஆட்டமும் நடிப்பும் பாடத்தின் உயிராக விளங்கின. 1937-இல் வார்தாவில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்திற்கு உருவங் கொடுத்த ஜாகிர் ஹுசேன் குழு, கைத்தொழில், தாய்மொழி, கணிதம் முதலியவற்றோடு ஓவியத்தையும் இசையையும் பாடத்திட்டத்திலே சேர்த்தது. சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1940-களிலும் 1950-களிலும் சேவாகிராமத்துச் சிறுவர்களுக்கு ஓவியம் கற்பித்து, கலையே கல்விக்கு அடிப்படை என்ற கொள்கையை நூலாகவும் எழுதினார்.

அண்மைக் காலத்திலும் இக்கருத்து ஏட்டளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டே வருகின்றது. ஆசிரியர்களுக்குப் பொம்மலாட்டம் முதலிய கலைகளில் பயிற்சி அளிக்கும் பண்பாட்டு வளங்கள் பயிற்சி மையம் 1979-இல் நிறுவப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கலையோடு இணைத்துப் பாடங்களைக் கற்பித்தலை வெளிப்படையாகவே வற்புறுத்துகின்றது. எனினும் நடைமுறையில் ஓர் இடர் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கர் இருக்கும் பள்ளிகளுக்கே பகுதிநேரக் கலை ஆசிரியரை வகுத்துள்ளது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குத் தனிக் கலையாசிரியரை அச்சட்டம் கூறவில்லை. ஆகவே சிறுவர்க்குக் கலை கிட்டுவதும் கிட்டாததும் அவ்வகுப்பின் ஆசிரியர் ஒருவரையே பொறுத்தது. அவரோ, ‘எமக்குப் பாடவும் தெரியாது, கொட்டவும் தெரியாது’ என்று ஒதுங்குகின்றார். அவருக்காகவே இனிச் சில வழிகளைக் கூறுவோம்.

முதலாவது கணக்கு. மிருதங்கம் கற்போர் கருவியைத் தொடுமுன் வாயினாற் சொல்லிப் பழகும் சொற்கட்டுகள் நம்மிடையே உண்டு. தகிட என்பது மூன்று; தகதிமி என்பது நான்கு; தகதகிட என்பது ஐந்து; தகிட தகதிமி என்பது ஏழு; தகதிமி தகதகிட என்பது ஒன்பது. இசை நூலார் இவற்றைத் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்பர். இப்பெயர்கள் சிறுவர்க்கு வேண்டுவதில்லை. தமிழில் எழுதிக் காட்டினால் இச்சொற்களில் எத்தனை எழுத்தோ அத்தனையே எண்ணிக்கை என்பது ஒரு வசதி. எழுத்தை எண்ணத் தெரிந்த முதல் வகுப்புக் குழந்தையும் இதனைச் சரிபார்த்துக்கொள்ளும்.

தகிட தகதிமி என்று வகுப்பு முழுவதும் ஒருமுறை சொல்லி முடித்ததும் ஒரு குழந்தை ‘ஏழு’ என்கின்றது; இரண்டாம் முறை முடிந்ததும் அடுத்த குழந்தை ‘பதினான்கு’ என்கின்றது; இவ்வாறே பத்து முறை சென்றால் எழுபதில் வந்து நிற்கின்றோம். இதில் வாய்ப்பாடு வெறும் ஒப்புவிப்பாக இல்லை. பதினான்கு என்பது ஏழு இருமுறை நடந்து கடந்த தொலைவு என்பதைக் குழந்தை தன் கையாலும் மூச்சாலும் அறிகின்றது. இடையில் ஒருவன் எண்ணை மறந்தாலும், அடுத்த சுற்று முடியுமுன் அதனைத் தேடிக்கொள்ள ஏழு தட்டு நேரம் அவனுக்குக் கிடைக்கின்றது. அதட்டலுக்கு அங்கே இடமில்லை.

இதனினும் சிறிது மேற்சென்று, வகுப்பை இரண்டு வரிசையாகப் பிரிப்போம். ஒரு வரிசை தகிட என்றும், மற்றொரு வரிசை தகதிமி என்றும் ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் கைதட்ட வேண்டும். முதல் தட்டு இருவரிசைக்கும் சேர்ந்தே விழும். பிறகு ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பன்னிரண்டு எழுத்துகள் முடிந்து பதின்மூன்றாவதில்தான் இரண்டு கைதட்டும் மீண்டும் ஒன்றாக விழும். அவ்வேளையில் வகுப்பில் எழும் மகிழ்ச்சியை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான மடங்குகளுள் மிகச் சிறியது பன்னிரண்டு என்பதை அதன்பின் கரும்பலகையில் எழுதினால், அது அவர்கள் முன்பே அறிந்த ஒன்றின் பெயராகவே அவர்களுக்குத் தோன்றும். மூன்றையும் ஐந்தையும் எடுத்துக்கொண்டால் எப்போது சேரும் என்று கேட்டால், சொல்லிப் பார்க்காமலே பதினைந்து என்று விடை கூறுவோரும் உண்டு.

பின்னமும் இவ்வாறே. ஒரு தட்டுக்கு ஓர் எழுத்துச் சொன்னால் முழுமை. இரண்டு எழுத்துச் சொன்னால் ஒவ்வொன்றும் அரை. நான்கு சொன்னால் ஒவ்வொன்றும் கால். தட்டு மாறாமல் சொல் மட்டும் விரைவதால், ‘கால் என்பது அரையைவிடச் சிறியது; நான்கு இரண்டைவிடப் பெரியதாயிற்றே’ என்று குழந்தைகளுக்கு உண்டாகும் மயக்கம் நீங்குகின்றது. நம் ஆதிதாளத்தின் எட்டு, நான்கும் இரண்டும் இரண்டுமாகப் பிரிகின்றது. ஹிந்துஸ்தானி இசையின் தீன்தாளத்தில் பதினாறு மாத்திரை நான்கு நான்காக நிற்கின்றது. ஜப்தாளத்தின் பத்து, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று நடக்கின்றது. எந்த மாநிலத்துப் பள்ளியாயினும் அவ்வூரில் வழங்கும் தாளமே அவ்வகுப்பின் கணக்குப் புத்தகமாகலாம்.

இரண்டாவது மொழி. தமிழ் எழுதத் தொடங்கும் சிறுவர் பெரிதும் தவறுவது குறில் நெடிலில். பாடம் என்று எழுதச் சொன்னால் படம் என்று எழுதுவர், கூடை குடையாகும், வீடு விடு ஆகும். துணைக்கால் போட மறந்தான் என்று நாம் குறை கூறுகின்றோம். மறந்தது கையன்று, அந்நீட்சியை அவன் காது தனியாகக் கேட்கவில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று வகுத்த நம் இலக்கணத்தார், மாத்திரையின் அளவைக் கண்ணிமைப்பதாலும் கைந்நொடிப்பதாலும் குறித்தனர். அளக்கும் கருவி குழந்தையின் உடம்பிலேயே இருக்கின்றது என்பது இதன் பொருள். குறிலுக்கு ஒரு தட்டும், நெடிலுக்கு ஒரு தட்டும் ஓர் அழுத்தமுமாகக் கொட்டச் சொல்லிப் பின்பு எழுதச் சொன்னால், துணைக்கால் தானே வந்து நிற்கும். இந்தி கற்கும் சிறுவர்க்கும் இம்முறை பயன்படும். அம்மொழியின் தோஹா என்னும் ஈரடிப் பாட்டின் ஒவ்வோரடியும் பதின்மூன்றும் பதினொன்றுமாக இருபத்துநான்கு மாத்திரை கொண்டது. அதனைக் கைதட்டி எண்ணிய சிறுவன் பிறகு அதனை எளிதில் மறப்பதில்லை.

மொழியும் கணக்கும் ஒன்றுசேரும் இடத்தையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஒரு மாத்திரைத் தட்டும் இரு மாத்திரைத் தட்டும் கொண்டு நான்கு மாத்திரையை எத்தனை வகையாக நிரப்பலாம் என்று ஐந்தாம் வகுப்பினரைக் கேட்டுப் பாருங்கள். கொட்டிக் கொட்டிப் பார்த்து ஐந்து வகை என்று கூறுவர். மூன்று மாத்திரைக்கு மூன்று வகை. ஐந்து மாத்திரைக்கு எட்டு வகை. ஆறு மாத்திரைக்குப் பதின்மூன்று வகை. ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. காரணமும் எளியதே: நான்கு மாத்திரையின் இறுதியில் குறில் நின்றால் அதற்கு முன் மூன்று மாத்திரை உண்டு, நெடில் நின்றால் இரண்டு மாத்திரை உண்டு, ஆகவே அவ்விரண்டின் வகைகளையும் கூட்டினால் விடை வருகின்றது. மேனாட்டில் 1202-ஆம் ஆண்டு நூலினால் பிபொனாச்சியின் பெயரைப் பெற்ற எண் வரிசை இதுவே. அதற்கு முன்பே நம் நாட்டு யாப்பு நூலார் இதனை அறிந்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் இதனைத் தெளிவாகக் கூறியுள்ளார். செய்யுளின் குறிலையும் நெடிலையும் எண்ணப் புகுந்தவர்கள் கண்ட கணக்கு இது. நம் வகுப்பறைக் குழந்தைகளும் அவ்வழியே சென்று அதனைக் காணலாம்.

மூன்றாவது அறிவியல். வாயகன்ற தகரக் குவளையின்மீது இரப்பர்த் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் கேழ்வரகு மணிகளைத் தூவி, அருகில் ஒரு தட்டை ஓங்கித் தட்டினால், தொடாமலே மணிகள் குதிக்கும். ஒலி காற்றின் வழியே வருகின்றது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. தோலை இறுக்கினால் ஒலி உயர்வதும், தளர்த்தினால் தாழ்வதும் அவர்களே கண்டறியட்டும். மிருதங்கத்தின் வலந்தலையில் கருமையாக ஒட்டியிருக்கும் பூச்சு எதற்காக என்று ஒரு குழந்தை கேட்குமாயின், அதே கேள்வியை சர் சி. வி. இராமனும் கேட்டார் என்று நாம் மகிழ்ந்து கூறலாம். அப்பூச்சின் பாரத்தினாலேயே அத்தோல் பிற தோல்களைப் போல இரைச்சல் எழுப்பாமல் சுருதியோடு ஒலிக்கின்றது என்பதைப் பற்றி 1920-இலும் 1935-இலும் அவர் கட்டுரைகள் வெளியிட்டார்.

கொட்டு ஒன்றே கலை என்பது நம் கருத்தன்று. வாசலில் இடும் கோலத்தின் புள்ளிகளை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று அடுக்கிக் கூட்டினால் பதினாறு வரும்; அது நான்கின் வர்க்கம். மகாராஷ்டிரத்து வார்லி மக்கள் அரிசி மாவினால் தீட்டும் ஓவியத்தில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமே மனிதனாகவும் மலையாகவும் நிற்கின்றன. வடிவியலுக்கு அதனினும் இனிய தொடக்கம் இல்லை. வாய் திறக்க அஞ்சும் குழந்தை, கையில் ஒரு பாவையைக் கொடுத்தால் அப்பாவையின் வாயால் பேசத் தொடங்கும். சந்தையை நடித்துக் காட்டினால் கூட்டலும் கழித்தலும் அதனுள் அடங்கும்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் கூறுவது நம் கடமை. இசை பயின்றால் குழந்தையின் அறிவு தானே வளரும், எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் உயரும் என்று சிலர் விளம்பரம் செய்வதுண்டு. இத்துறையில் நடந்த பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டி ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அத்தகைய பொதுவான பயன் இருப்பதாகக் கூறச் சான்று போதாது என்றே முடிவு செய்தது. ஆகவே மாலையில் மிருதங்கம் கற்றால் காலையில் கணக்கு வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. கணக்கையே தாளத்தில் வைத்துக் கற்பித்தால் அக்கணக்கு வரும் என்பதே நாம் கூறுவது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் மறத்தலாகாது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தையில் வேலைசெய்யும் சிறுவர்களைப் பற்றி 2025-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றும் இதனையே வேறு வழியில் காட்டுகின்றது. சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போடும் அச்சிறுவர்கள், பள்ளிக் கணக்கைத் தாளில் கொடுத்தபோது தடுமாறினர். கையில் இருக்கும் அறிவு தானாகவே ஏட்டிற்கு வந்துவிடுவதில்லை. இடையே ஒரு பாலம் வேண்டும். அப்பாலத்தைக் கட்ட வேண்டியவர் ஆசிரியர். கொட்டிய பின் எழுதச் செய்யாவிட்டால் கொட்டு கொட்டாகவே நின்றுவிடும்.

நடைமுறையில் எழும் ஐயங்கள் சில. பக்கத்து வகுப்பிற்கு இடைஞ்சலாகாதா என்பர். ஆகும், ஆகவே முதற்பாடம் நிறுத்துவதே. ஆசிரியர் கை உயர்ந்ததும் எல்லா ஒலியும் அடங்க வேண்டும் என்னும் விளையாட்டை முதல் வாரம் முழுவதும் ஆடலாம். அடங்கக் கற்ற வகுப்பே கொட்டத் தகுதி பெற்ற வகுப்பு. கருவிக்குப் பணம் வேண்டாவா என்பர். வேண்டா, தொடையும் உள்ளங்கையும் கொட்டாங்கச்சியும் போதும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளில் நேரம் ஏது என்பர். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். மூத்த வகுப்பு தாளம் பிடிக்க, இளைய வகுப்பு எண் சொல்லலாம். பேரொலிக்கு அஞ்சும் குழந்தை இருந்தால் அதனை வற்புறுத்தாது, விரல் நுனியால் தட்டும் பொறுப்பை அளித்தல் நலம். செவிப்புலன் குறைந்த குழந்தையை விலக்கவும் வேண்டா; அதன் கையைத் தோலின்மீது வைத்தால் அதிர்வை அது உணரும். பன்னிரண்டு வயதுக்குள் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்த ஸ்காட்லாந்து நாட்டு எவெலின் கிளெனி, வெறுங்காலுடன் மேடையில் நின்று அதிர்வை உணர்ந்தே கொட்டி உலகப் புகழ் பெற்றார்.

இறுதியாக ஒன்று. நம் நாட்டில் கொட்டு என்பது வெறும் ஒலியன்று. அதனோடு சாதி ஒட்டிக்கொண்டிருக்கின்றது. தோலைப் பதப்படுத்துவோரையும் பறை அடிப்போரையும் தாழ்வாக வைத்துவிட்டு, அவர்கள் உழைப்பினால் ஒலிக்கும் கருவியை மேடையில் வைத்துப் போற்றிய சமூகம் நம்முடையது. மிருதங்கம் செய்வோரின் வாழ்வைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் எழுதி வெளியிட்ட நூல் இதனை விரிவாகக் கூறுகின்றது. காலம் மாறிவருகின்றது, பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும் வகுப்பறைக்குள் அம்மாற்றம் நுழைந்ததா என்று பார்த்தல் வேண்டும். பறையடிப்போரின் பிள்ளையைப் பார்த்து, ‘நீ கொட்டு, மற்றவர் படிக்கட்டும்’ என்பது கலைக்கல்வி ஆகாது, அது பழைய கொடுமைக்குப் புதிய பெயர். எல்லோரும் கொட்ட வேண்டும். எல்லோரும் எழுதவும் வேண்டும். அப்பிள்ளையின் தந்தையோ பாட்டனோ விரும்பினால் ஒருநாள் அவரை வகுப்பிற்கு அழைத்து, ஆசிரியர் அமரும் நாற்காலியில் அமர்த்தி, அவர் சொல்லிக்கொடுப்பதை ஆசிரியரும் மாணாக்கரோடு தரையில் அமர்ந்து கற்க வேண்டும். ஊர் பார்த்திருக்கப் பள்ளி செய்யக்கூடிய காரியங்களுள் இதற்கு ஒப்பானவை சிலவே.

நாளை காலை வகுப்பிற்குச் செல்லும் ஆசிரியர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. பின்வரிசையில் பலகையைத் தட்டும் சிறுவனைக் கண்டால், கையை அடக்கு என்று கூறுமுன் சற்று நின்று, அவன் எத்தனை தட்டுகின்றான் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிய பின், ‘இதை எங்களுக்கும் சொல்லிக்கொடு’ என்று கேளுங்கள். நாம் அன்று கேட்கத் தவறியது அதுவே.